மாலைக்கண்: ஒரு சொல்லும் இரு நோய்களும்

நோய்களுக்கு நம் முன்னோர் இட்டு வழங்கிய பெயர்களை எண்ணிப் பார்ப்பது இன்பமும் பயனும் தருவதாகும். மஞ்சட்காமாலை நிறத்தால் பெயர் பெற்றது. யானைக்கால் வடிவத்தால் பெயர் பெற்றது. காலத்தால் பெயர் பெற்ற நோயும் ஒன்றுண்டு, அதுவே மாலைக்கண். பகலில் பழுதின்றிக் காணும் கண், பொழுது சாய்ந்ததும் காணும் திறன் குன்றிவிடுகின்றது. இக்குறையை வடநாட்டார் 'ரதௌந்தி' என்பர். யுனானி மருத்துவர் பாரசீகச் சொல்லால் 'ஷப்கோரி' என்பர். இரண்டும் இரவுக் குருடு என்னும் பொருளின. தமிழோ இரவு என்னாது மாலை என்றது. குருடு என்னாது கண் என்றே நிறுத்திக் கொண்டது. குறை முதலில் தலைகாட்டுவது விளக்கேற்றும் அந்திப் பொழுதிலேயே ஆதலின், தமிழ்ப்பெயர் ஏனையவற்றினும் நுட்பமானது என்பது எம் கருத்து. மொழிப்பற்றால் கூறுவதாக எவரும் கருத வேண்டா. காரணம் பின்னர்ப் புலப்படும்.

அறபு மொழியிலும் இதற்குத் தனிச்சொல் உண்டு. பழம்பெரும் அறபுக் கவிஞருள் ஒருவரான மைமூன் இப்னு கைஸ், 'அல் அஃஷா' என்னும் அடைபெயராலேயே இலக்கிய உலகில் அறியப்படுகிறார். அந்தியில் பார்வை மங்கியவர் என்பது அப்பெயரின் பொருள். கிரேக்கத்திலிருந்து ஐரோப்பியர் எடுத்துக்கொண்ட சொற்களின் கதையோ வேடிக்கையானது. 'ஹெமரலோபியா' என்னும் ஒரே சொல் ஆங்கில மருத்துவ நூல்களில் பகலில் பார்வை குன்றுவதையும், பிரெஞ்சு நூல்களில் இரவில் பார்வை குன்றுவதையும் குறித்து நிற்கிறது. நம் பாட்டிமார் வழங்கிய சொல்லில் இத்தகைய குழப்பம் ஏதுமில்லை.

மருத்துவம் எம் துறையன்று. தமிழ்த்துறையின் மலரில் கண்ணோய் பற்றி எழுதப் புகுந்தமைக்குக் காரணம் ஒன்றுண்டு.

சத்தியமங்கலத்தில் எமக்கு நெருக்கமான முதியவர் ஒருவர், லுஹர் தொழுகைக்கும் அஸர் தொழுகைக்கும் முதல் வரிசையில் நிற்பார். மஃரிபுக்கு வாரார், இஷாவுக்கும் வாரார், ஃபஜ்ருக்கு அவரைக் காண்பது அரிது. 'அந்தி வந்தால் ராவுத்தர் ஆளே மாறிவிடுகிறார்' என்று சிலர் நகைத்தனர். நகைத்தவருள் யாமும் ஒருவர் என்பதை மறைத்தற்கில்லை. ஓராண்டு ரமலானில் நோன்பு திறக்கும் வேளையில், பள்ளிவாசல் படியில் தடுமாறி விழுந்து மணிக்கட்டு முறிந்த பின்னரே, இளமை தொட்டே அவருக்கு அந்தியில் கண் தெரியாது என்பது ஊருக்குத் தெரிந்தது. நாற்பது ஆண்டுகளாக அதனை மறைத்தே வாழ்ந்திருக்கிறார். ஏன் மறைத்தீர்கள் என்று வினவினோம். 'எனக்குப் பெண் கொடுக்கும்போது சொல்லவில்லை. பிறகு என் மகள்களைக் கொடுக்க வேண்டியிருந்தது. இப்போது பேத்தி இருக்கிறாள்' என்றார்.

1991இல் வெளிவந்த 'சின்னத்தம்பி' திரைப்படத்தில், நம் கொங்கு மண்ணைச் சேர்ந்த நடிகர் கவுண்டமணி மாலைக்கண் உடையவராக நடித்ததைத் தமிழகமே பார்த்துச் சிரித்தது. கலைஞரைக் குறைகூறுதல் எம் நோக்கமன்று. அவர் நடிப்பில் யாமும் மகிழ்ந்தவரே. ஆயினும், ஒரு நோய் சிரிப்பிற்குரியதாகிவிட்டால் நோயுற்றவர் வாய் திறவார். வாய் திறவாமையால் இந்நோயில் நேரும் கேடு யாதென அறிய, கண் காணும் வகையைச் சிறிது தெரிந்துகொள்ளல் வேண்டும்.

கண்ணின் உட்புறத்தே அமைந்த விழித்திரையில் ஒளியை உணரும் உயிரணுக்கள் இருவகைப்படும். கூம்பு வடிவின ஏறத்தாழ 60 இலட்சம். கோல் வடிவின ஏறத்தாழ 12 கோடி. கூம்பணுக்கள் நல்ல வெளிச்சத்தில் பணிபுரிந்து நிறங்களைக் காட்டுகின்றன. வெளிச்சம் குறையக் குறைய அவை ஓய, கோலணுக்கள் பணியை ஏற்றுக்கொள்கின்றன. அந்திப் பொழுதில் தோட்டத்துச் செம்பருத்தி தன் நிறத்தை இழந்து கரியதாகத் தோன்றுவது இக்கைமாற்றத்தால்தான். கைமாறும் வேளையில் ஏற்றுக்கொள்வார் இல்லையெனில் பார்வை தடுமாறும். மாலை என்னும் சொல்லை நுட்பமானது என்றது இதுபற்றியே.

கோலணுக்களில் 'ரொடாப்சின்' என்னும் செந்நிறப் பொருள் உள்ளது. ஒளி பட்டதும் அது வெளிறிச் சிதைந்து, அச்சிதைவால் எழும் செய்தியை நரம்பு மூளைக்குக் கொண்டு செல்கிறது. சிதைந்தது மீண்டும் உருவாக வேண்டும். நண்பகல் வெயிலிலிருந்து திரையரங்கிற்குள் நுழைந்தவர் முதலில் இருக்கை தெரியாது தடவுவதும், சிறிது நேரத்தில் பக்கத்து வரிசையாரையும் அடையாளம் காண்பதும் இதனால்தான். கண் இருளுக்கு முழுமையாகப் பழக இருபது முதல் முப்பது நிமிடம் ஆகும். ரொடாப்சினின் ஒளியுணரும் கூறு வைட்டமின் 'ஏ'யிலிருந்து உண்டாவது. விழித்திரையில் இவ்வைட்டமின் இருப்பதை 1933இல் கண்டறிந்த ஜார்ஜ் வால்ட், தம் ஆய்வுகளுக்காக 1967இல் நோபல் பரிசைப் பகிர்ந்து பெற்றார்.

எனவே அந்தியில் கண் தெரியாமைக்கு அடிப்படைக் காரணங்கள் இரண்டாக இருத்தல் கூடும். விளக்கு நன்றாயிருந்து எண்ணெய் இல்லாமை ஒன்று. எண்ணெய் இருந்தும் விளக்கே பழுதுறுதல் மற்றொன்று. முன்னது வைட்டமின் 'ஏ' குறைவு. பின்னது கோலணுக்களே அழிதல். ஊரார்க்கு இரண்டும் ஒரே பெயருடையன. மருத்துவத்தில் இரண்டிற்கும் வெகுதூரம். கண்புரை, கடுமையான கிட்டப்பார்வை, கண்நீர் அழுத்தம், கல்லீரல் நோய் முதலியவற்றாலும் இரவுப் பார்வை குன்றுவதுண்டு. அவற்றை மருத்துவர் எளிதில் கண்டுகொள்வர், ஈண்டு விரிக்கவில்லை.

எண்ணெய் குறைந்த விளக்கு

வைட்டமின் 'ஏ' ஈரல், முட்டை, பால், நெய், மீன் ஆகியவற்றில் நேராகவே உள்ளது. முருங்கைக்கீரை, அகத்திக்கீரை, பொன்னாங்கண்ணி, பப்பாளி, மாம்பழம், மஞ்சட்பூசணி, கேரட் ஆகியவற்றில் அதன் மூலப்பொருளாகிய கரோட்டின் உள்ளது. உண்ட கரோட்டின் முழுவதும் வைட்டமினாக மாறுவதில்லை. உணவிலுள்ள பீட்டா கரோட்டின் பன்னிரண்டு பங்கு, வைட்டமின் ஒரு பங்கிற்கு ஈடாகக் கொள்ளப்படுகிறது. கொழுப்பு இன்றேல் அதுவும் உடலில் சேராது. எண்ணெய் ஒரு சொட்டும் இன்றி அவித்த கீரையைக் குழந்தைக்கு ஊட்டிவிட்டுக் கடமை முடிந்ததென எண்ணும் தாய்மார் இதனை அறிதல் நன்று. உடலுக்குத் தேவைக்கு மேற்பட்டது கல்லீரலில் சேமிக்கப்படுகிறது. தட்டம்மையும் தொடர் வயிற்றுப்போக்கும் அச்சேமிப்பை விரைவில் கரைத்துவிடும். ஆட்டு ஈரல் கொடுத்தால் மாலைக்கண் தீரும் என்பது நம் வீடுகளில் வழிவழி வந்த நம்பிக்கை. பண்டைக் கிரேக்க மருத்துவரும் ஈரலையே இதற்கு மருந்தாகக் கூறினர். வைட்டமின் என்னும் சொல் பிறப்பதற்கு ஈராயிரம் ஆண்டுகட்கு முன்பே மருந்து சரியாகக் கண்டறியப்பட்டிருந்தது என்பது வியத்தற்குரியது.

இக்குறை மாலைக்கண்ணோடு நிற்பதில்லை. அடுத்து வெண்விழி வறண்டு பளபளப்பு இழக்கும். பின்னர், சோப்பு நுரை ஒட்டியது போன்ற திட்டு, கருவிழிக்குப் பக்கத்தே தோன்றும். 1863இல் இதனை விளக்கிய பிரெஞ்சு மருத்துவர் பிட்டோவின் பெயரால் அது 'பிட்டோ புள்ளி' எனப்படுகிறது. இதற்கும் அப்பால் கருவிழி வறண்டு, புண்ணாகி, குழைந்து போகும். அந்நிலையில் பார்வையை மீட்பது இயலாது. முதற்படியிலோ, சில சொட்டு மருந்தில், இரண்டொரு நாளில் பார்வை திரும்பிவிடும். இரண்டு நாளில் தீரக்கூடியதை நாணத்தால் மறைத்து, வாழ்நாள் முழுதும் தீராததாக்கிக் கொள்ளலாமோ?

இந்நோயை வென்ற வரலாற்றின் ஒரு பகுதி நம் வாயிற்படியிலேயே நிகழ்ந்தது என்பதைப் பலர் அறியார். மேட்டுப்பாளையம் வழியே மலையேறினால் வருவது குன்னூர். அங்கே 1918இல் இராபர்ட் மெக்காரிசன் தொடங்கிய சிறு ஆய்வுப்பணியே பின்னர் ஊட்டச்சத்து ஆய்வகமாக வளர்ந்தது. இந்தியாவின் பல பகுதி மக்கள் உண்ணும் உணவுகளை எலிகளுக்குத் தனித்தனியே கொடுத்து அவர் ஆராய்ந்தார். கோதுமை ரொட்டி, பால், வெண்ணெய், காய்கறி கொண்ட சீக்கியர் உணவை உண்ட எலிகள் கொழுத்து வளர்ந்தன. அரிசியை மிகுதியாகக் கொண்ட சென்னை மாகாண உணவை உண்டவை மெலிந்து நோயுற்றன. அரிசியுண்ணும் நமக்கு இது மகிழ்ச்சி தரும் செய்தியன்று; எனினும் உண்மை. அவருக்குப்பின் 1935இல் பொறுப்பேற்ற அய்க்ராய்டு, சென்னை அரசுக் கண் மருத்துவமனையின் ரைட்டுடன் சேர்ந்து, கருவிழி குழையும் நோயுற்ற குழந்தைகளுக்குச் சிவப்புப் பனையெண்ணெய் கொடுத்துக் கண்ட பயனை 1937இல் வெளியிட்டார். இவ்வெண்ணெய் நம் ஊர்ப் பனையினது அன்று. ஆப்பிரிக்க எண்ணெய்ப்பனையின் கனியிலிருந்து எடுப்பது, கரோட்டின் நிறைந்தது. குன்னூர் ஆய்வகம் 1958இல் ஐதராபாத்திற்குப் பெயர்ந்து, இன்று தேசிய ஊட்டச்சத்து நிறுவனமாகத் திகழ்கிறது. சேலத்தில் பிறந்த அறிஞர் சி. கோபாலன் அதனை வழிநடத்தியவருள் ஒருவர்.

1970இல் இந்திய அரசு, குழந்தைகளுக்கு ஆறு திங்களுக்கு ஒருமுறை பேரளவு வைட்டமின் 'ஏ' ஊட்டும் திட்டத்தைத் தொடங்கியது. இதன் பின்னர் ஆய்வுலகில் எழுந்த ஒரு வழக்கு சுவையானது. அமெரிக்கக் கண் மருத்துவர் ஆல்பிரட் சோமர், மாலைக்கண் உற்ற குழந்தைகள் பிற குழந்தைகளினும் மிகுதியாக இறப்பதை இந்தோனேசியாவில் கண்டார். பார்வைக் கேடாக மட்டும் கருதப்பட்டது உயிர்க்கேடாகவும் இருக்கக் கண்டு உலகம் திடுக்கிட்டது. 1986இல் அச்சே பகுதி ஆய்வின் வழி, வைட்டமின் ஊட்டினால் குழந்தை இறப்பு 34 விழுக்காடு குறைவதாக அவர் குழுவினர் அறிவித்தனர். அதனைச் சோதிக்கத் தமிழ்நாட்டில் முற்பட்டவர் மதுரை அரவிந்த் கண் மருத்துவமனையைச் சார்ந்த டாக்டர் லைலா ரஹ்மத்துல்லா அவர்கள். சிற்றூர்களில் 15,419 குழந்தைகளை ஓராண்டுக் காலம் வாரந்தோறும் வீடு தேடிச் சென்று, இயல்பான உணவில் கிடைக்கத்தக்க அளவே சிறிது சிறிதாக வைட்டமினை ஒரு பகுதியினர்க்கு ஊட்டினர். அவ்வாறு பெற்றவரிடையே இறப்பு 54 விழுக்காடு குறைந்திருந்தது. முடிவு 1990இல் வெளியாயிற்று. அதே ஆண்டில் ஐதராபாத்து நிறுவனத்தாரும் தம் ஆய்வை வெளியிட்டனர். அவர்கள் ஊட்டியது ஆறு திங்களுக்கு ஒருமுறை பேரளவு. அவர்கள் கண்ட வேறுபாடோ ஏதுமில்லை. அண்டை மாநிலங்கள் இரண்டு, ஒரே வைட்டமின், இருவேறு முடிவுகள்! பின்னர் உத்தரப்பிரதேசத்தில் ஏறத்தாழப் பத்து இலட்சம் குழந்தைகளிடையே நடந்து 2013இல் வெளியான ஆய்விலும் இறப்புக் குறைவு மிகச் சிறிதாகவே இருந்தது.

கோபாலன் நெடுங்காலமாகச் சொல்லி வந்தது யாதெனில், சொட்டு மருந்தை நம்பித் தோட்டத்தை மறவாதீர் என்பதே. வறியோர் உணவில் கீரையும் பாலும் முட்டையும் சேர்ப்பதே நிலையான வழி என்றார். எமக்கு அவர் பக்கமே மனம் சாய்கிறது. ஆயினும் உண்ணும் நிலையில் இல்லாத குழந்தைக்கும், அம்மை கண்ட குழந்தைக்கும் சொட்டு மருந்தை மறுப்பது அறியாமை. ஒன்றை ஏற்க மற்றொன்றை விலக்க வேண்டுவதில்லை. 2016 முதல் 2018 வரை நடந்த தேசிய ஆய்வில், பள்ளி செல்லும் அகவைக்கு முற்பட்ட இந்தியக் குழந்தைகளுள் ஏறத்தாழ 18 விழுக்காட்டினர் வைட்டமின் 'ஏ' குறையுடையோராகக் காணப்பட்டனர்.

அரசுத் திட்டப்படி ஒன்பதாம் திங்களில் அம்மைத் தடுப்பூசியோடு 1 இலட்சம் அலகும், ஒன்றரை அகவையளவிலும் பின்னர் ஐந்து அகவை வரை ஆறு திங்களுக்கு ஒருமுறையும் 2 இலட்சம் அலகும், ஆக ஒன்பது முறை வைட்டமின் கரைசல் தரப்படுகிறது. மாலைக்கண் தோன்றிவிட்ட ஓரகவை நிரம்பிய குழந்தைக்கு அன்றே 2 இலட்சம் அலகு, மறுநாள் ஒருமுறை, இரண்டு வாரம் கழித்து ஒருமுறை என்பது மருத்துவ முறை. ஆரம்ப சுகாதார நிலையத்தாரே இதனைத் தருதல் வேண்டும். மருந்துக்கடையில் தாமே வாங்கிப் புகட்டலாகாது, மிகுந்தால் நஞ்சாகும். கருவுற்ற பெண்டிர்க்குப் பேரளவு மருந்து கருவிலுள்ள மகவின் உறுப்பமைப்பையே கெடுக்கும். அவர்கட்கு மருத்துவர் மேற்பார்வையில் சிறிய அளவே தரப்படும்.

கருவுற்ற பெண்டிரைக் கூறும்போது நம் ஊரின் மல்லிகைத் தோட்டங்கள் நினைவிற்கு வருகின்றன. சத்தியமங்கலம் மல்லிகை, மொட்டு விரியுமுன் பறிக்கப்பட வேண்டியது. விடியலுக்கு முன்பே தலையில் விளக்குக் கட்டிக்கொண்டு பெண்கள் செடிகளிடையே இறங்கிவிடுகின்றனர். பேறுகாலத்தின் கடைசித் திங்களில் வைட்டமின் குறைந்து அந்திப்பார்வை மங்குவது தெற்காசியாவில் பல இடங்களில் பதிவாகியுள்ளது. 'பிள்ளைத்தாய்ச்சிக்கு அப்படித்தான் இருக்கும், பெற்றால் சரியாகிவிடும்' என்று மூத்த பெண்டிர் சொல்லிவிடுவர். பேற்றிற்குப்பின் பெரும்பாலும் சரியாவதும் உண்மையே. ஆனால் அது இயல்பன்று; தாயின் சேமிப்பு தீர்ந்தமைக்கு அறிகுறி. குறையுள்ள தாயின் பாலிலும் இவ்வைட்டமின் குறைந்தே இருக்கும்.

இந்தோனேசிய ஆய்வுகளில் எம்மைக் கவர்ந்த செய்தி இன்னொன்று உண்டு. இரத்தம் எடுத்துச் சோதிப்பதற்கு முன்னரே ஆய்வாளர் தாய்மாரிடம், 'உங்கள் குழந்தைக்கு புத்தா ஆயம் உண்டா' என்று கேட்டனர். அம்மொழியில் அதற்குக் கோழிக்குருடு என்பது பொருள். அந்தியானதும் கோழி கண் தெரியாது அடையும் அல்லவா? கோழியின் விழித்திரையில் கோலணுக்கள் குறைவு. தாய்மார் தந்த விடை, பின்னர்ச் செய்த இரத்தச் சோதனையோடு பெரிதும் ஒத்திருந்தது. ஊர்ச்சொல் வழங்கும் நாட்டில் அச்சொல்லே முதற் சோதனைக் கருவி. 'மாலைக்கண் உண்டா' என்று அங்கன்வாடிப் பணியாளரும், ஆசிரியரும், மதரஸா உஸ்தாதும் நாணமின்றிக் கேட்கத் தடை யாது? குழந்தை தானாகச் சொல்லாது. அந்தியில் ஓடியாடாது ஓர் இடத்தில் அமர்ந்துவிடுவதையும், தட்டிலுள்ள சோற்றைத் தடவி எடுப்பதையும் கண்டால் கேட்க வேண்டும்.

பழுதுற்ற விளக்கு

மேலே கூறிய முதியவர்க்கு ஈரலும் பயன்தரவில்லை, கீரையும் பயன்தரவில்லை. கண் மருத்துவர் சோதித்து, விழித்திரையில் கரும்புள்ளிகள் சிதறிக் கிடப்பதைக் காட்டினார். 'ரெட்டினைட்டிஸ் பிக்மென்டோசா' என்பது அதன் பெயர். உலகில் ஏறத்தாழ நாலாயிரவருள் ஒருவர்க்கு இது உண்டு எனக் கணக்கிடுவர். கோலணுக்கள் சிறுகச் சிறுக அழிகின்றன. முதலில் அந்திப்பார்வை போகும். பின்னர்ப் பக்கப்பார்வை சுருங்கி, குழாய் வழியே நோக்குவது போலாகும். நடுப்பார்வை பெரும்பாலும் கடைசிவரை நிற்கும். சிலர்க்குச் செவிப்புலனும் உடன் குன்றும்.

இது பரம்பரை வழி வருவது. மரபணுக் குறையைத் தாங்கியும் தாம் நோயுறாத ஆணும் பெண்ணும் மணந்தால், பிறக்கும் ஒவ்வொரு மகவுக்கும் நான்கில் ஒரு பங்கு நோய்வாய்ப்பு உண்டாகும். அத்தகைய இருவர் சேர்வது அயலாரிடை அரிது, உறவினரிடை எளிது. முதியவரின் பெற்றோர் அத்தை மகனும் மாமன் மகளும் ஆவர். முறைப்பெண்ணை விட்டுக்கொடுப்பது கொங்கு நாட்டில் மானப்பிரச்சினை. நம் சமுதாயத்திலும் சொத்தும் உறவும் கலையாதிருக்க உள்ளுக்குள்ளேயே கொள்வினை கொடுப்பினை செய்வது வழக்கம். மார்க்கம் அதனை அனுமதித்ததேயன்றிக் கடமையாக்கவில்லை என்பதைப் பெரியோர்கள் அறிவார்கள். உறவுத் திருமணம் அனைத்தும் கேடு என்று யாம் கூறவில்லை. இந்நோய் உறவிலா மணத்திலும் வரும். பெற்றோருள் ஒருவரிடமிருந்து மட்டும் வரும் வகையும், தாய்வழி மகனுக்கு வரும் வகையும் உள்ளன. எம் வேண்டுகோள் சிறியது: குடும்பத்தில் ஒருவர்க்கேனும் இக்குறை இருப்பின், அக்குடும்பத்திற்குள்ளேயே மீண்டும் மணம் பேசுமுன் மருத்துவரையும் மரபணு ஆலோசகரையும் கலந்துகொள்ளுங்கள். நிக்காஹ் நாளன்று மறைத்த செய்தி பேரன் காலத்தில் வெளிப்படுகிறது. அப்போது குற்றம் சுமத்தப்படுவது பெரும்பாலும் பெண்ணின் மீதுதான்.

இவ்வகைக்கு முழுமையான மருந்து இன்னும் இல்லை. ஆர்பிஇ65 என்னும் ஒரு மரபணுவில் மட்டும் பழுதுடையார்க்குரிய மரபணுச் சிகிச்சைக்கு 2017இல் அமெரிக்கா ஒப்புதல் அளித்தது. அதன் விலை எட்டாத உயரத்தில் உள்ளது. எண்ணெய் தடவினால் தீரும், பச்சிலை பிழிந்தால் தீரும் என்று விளம்பரம் செய்வோரிடம் நிலத்தை விற்றுக் கொடுத்தோர் உண்டு. ஒருவரின் நோய் எவ்வகை என்பதை விழித்திரைச் சோதனையும், பார்வைப்பரப்புச் சோதனையும், தேவைப்படின் விழித்திரையின் மின்துடிப்புச் சோதனையும் தெளிவுறக் காட்டிவிடும்.

முதியவர் நாளிதழை இன்றும் கண்ணாடியின்றிப் படிக்கிறார். எழுத்துப் பலகையிலும் கடைசி வரி வரை படித்துவிட்டார். அதனால் தமக்குச் சான்றிதழ் எதுவும் கிடைக்காது என்றே எண்ணியிருந்தார். மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 2016, எழுத்து தெரிவதை மட்டும் அளவாகக் கொள்ளவில்லை. பார்வைப்பரப்பு 40 பாகைக்குக் கீழ்ச் சுருங்கினால் குறைபார்வை எனவும், 10 பாகைக்கும் குறைந்தால் பார்வையின்மை எனவும் கொள்கிறது. பரப்புச் சோதனையின் தாளோடு அரசு மருத்துவமனைக்குச் சென்று விண்ணப்பித்தார். பள்ளிவாசல் நிர்வாகத்தார் படிகளின் விளிம்பில் வெள்ளை வண்ணம் பூசி, மேலே விளக்கொன்றையும் பொருத்தியுள்ளனர். மஃரிபுக்கு இப்போது பேரனின் கையைப் பற்றிக்கொண்டு வருகிறார். அப்பேரனின் கண்ணையும் அடுத்த விடுமுறையில் சோதிப்பதாக வீட்டார் கூறியிருக்கின்றனர்.